தட்டான் வீடு

இந்தக் கதையில் நான் எங்குமே இல்லை. இதை எனக்குச் சொன்னவள் ஜெமிமா; கோயம்புத்தூரில் ஒரே அலுவலகத்தில், ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் உட்கார்ந்து நாங்கள் வேலை பார்க்கிறோம். அவளும் எல்லாவற்றையும் கண்ணால் கண்டவள் அல்ல. முன்பாதியை அவளுக்குச் சொன்னவர் அவளுடைய தாய்மாமா, அவர் எதையும் குறைத்துச் சொல்கிற ஆள் இல்லை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதால், ஒரு வாக்கியம் எழுதினால்கூட யாராவது வந்து ஆதாரம் கேட்பார்களோ என்ற பயம் எனக்கு உண்டு. ஆகவே கேட்டதைக் கேட்டபடியே சொல்கிறேன், நானாக விசாரித்துத் தெரிந்துகொண்ட ஒரே ஒரு விஷயத்தைக் கடைசியில் வைக்கிறேன்.

மேற்கு மலையின் அடிவாரத்தில் வெள்ளானைப்பேரி என்றொரு ஊர். அங்கே வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய ஒரு நூற்பாலை, அந்த ஆலையின் கூரைமேல் ஒரு சங்கு. அந்தச் சங்கைக் கேட்டுத்தான் ஊர் எழுந்தது, அந்தச் சங்கைக் கேட்டுத்தான் பால் கறந்தார்கள், பிள்ளை பிறந்த நேரம் குறித்தார்கள், பெண்ணழைப்புக்குக் கிளம்பினார்கள், சங்கு ஊதாத ஞாயிற்றுக்கிழமைகளில் சேவல்கள்கூடக் கூவலாமா வேண்டாமா என்று யோசித்தன என்பார் ஜெமிமாவின் மாமா. ஆலையை வாங்கிய புது முதலாளிக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை கிரேன் வந்து சங்கைக் கீழே இறக்கியது, லாரி அதை ஏற்றிக்கொண்டு போனது, ஊர் நின்று பார்த்தது.

திங்கட்கிழமை விடியுமுன் பால்வண்டி ஓட்டும் இசக்கியின் ஜன்னலை யாரோ தட்டினார்கள். மூங்கில் குச்சியின் நுனியால் தட்டுவதுபோல லேசாக, ஆனால் விடாமல். இசக்கி, "எந்திச்சிட்டேன்டே, யாரு?" என்று கேட்டு ஜன்னலைத் திறந்து முகம் காட்டியதும் தட்டு நின்றது. ஆனால் தெருவில் ஒருவரும் இல்லை. பக்கத்து மாடியில் குடியிருந்த ஆஸ்பத்திரி நர்ஸின் ஜன்னலில் அதே நேரம் மழைபோலச் சடசடவென்று ஏதோ விழுந்தது. அவள் எட்டிப் பார்த்தபோது ஜன்னல் விளிம்பில் காய்ந்த பட்டாணி கிடந்தது. பிறகு முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராக, முதல் பஸ்ஸின் டிரைவர், பூ கட்டுகிறவர்கள், மீன் வாங்கத் தூத்துக்குடிக்குக் கிளம்புகிறவர்கள், அவரவர் நேரத்துக்கு அவரவர் ஜன்னலில் தட்டு வாங்கிக்கொண்டு எழுந்தார்கள். சங்கு எல்லாரையும் ஒரே நேரத்தில் எழுப்பியது. இது ஆள் பார்த்து எழுப்பியது.

யாரும் இதைப் பேய் என்று சொல்லவில்லை. பேய் என்றால் பயமுறுத்த வேண்டும், கோழி கேட்க வேண்டும், யார்மேலாவது இறங்க வேண்டும்; இது வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது. ஒரு வாரத்துக்குள் செல்போனில் அலாரம் வைப்பதை ஊர் மறந்தது. ஜன்னல் இல்லாத வீட்டில் தட்டு விழாது என்று தெரிந்ததும் கொத்தனார்களுக்குக் கை ஓயாத வேலை வந்தது. தலைமுறை தலைமுறையாகக் குருட்டுச் சுவராக நின்ற சுவர்களில் எல்லாம் சதுரம் சதுரமாக ஓட்டை போட்டார்கள், உள்ளே வெளிச்சம் வந்தது, வெளிச்சம் வந்த வீடுகளில் மாமியாரும் மருமகளும் முதல் முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் நன்றாகப் பார்த்து, சிலர் சமாதானமானார்கள், சிலர் தனிக்குடித்தனம் போனார்கள். ராத்திரி கதவடைக்கும்முன் நிலைப்படியில் சாக்பீஸால் நேரம் எழுதிவைக்கும் பழக்கம் எப்படி வந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை, ஆனால் எல்லா வீட்டிலும் வந்துவிட்டது. நோன்பு மாதத்தில் ரஹ்மத் தெருவில் விடியுமுன் உண்ணும் சஹர் நேரத்துக்குத் தட்டு விழுந்தது. மார்கழியில் பஜனைக்காரர்களுக்கு விழுந்தது. தட்டுவது திருடனோ என்று பிடிக்கப் போலீஸ்காரர் ஒருவரைத் தெருமுனையில் நிறுத்தினார்கள், அவர் நின்றபடியே தூங்கிப்போக, டியூட்டி முடிகிற நேரத்தில் அவர் தொப்பியில் ஒரு பட்டாணி விழுந்தது.

ஒரு கண்டிப்பு மட்டும் உண்டு. எழுந்து போவதற்கு வேலை உள்ளவருக்குத்தான் தட்டு. கட்சிக்காரர் ஒருவர், ஊர் தன்னை உழைப்பாளியாகப் பார்க்க வேண்டும் என்று அதிகாலை நேரத்தை நிலைப்படியில் பெரிதாக எழுதிவைத்தார். உச்சி வெயில்வரை தூங்கினார். அதற்குப் பிறகு வெள்ளானைப்பேரியில் யாரையாவது திட்டவேண்டும் என்றால், "தட்டு விழாத பய" என்று சொன்னால் போதும் என்றாயிற்று.

அப்படித் திட்டினால் உண்மையிலேயே வலிக்கக்கூடிய வீடு ஊரில் ஒன்றுதான் இருந்தது. அது ஜெமிமாவின் வீடு. அந்த வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் இருந்தும், தெருவைப் பார்த்து இரண்டு ஜன்னல்கள் இருந்தும், ஒரு நாள்கூடத் தட்டு விழவில்லை. அந்த வீட்டுக்குப் பெயர் தட்டான் வீடு.

தட்டான் என்றால் பொன்வேலை செய்கிறவர். ஜெமிமாவின் அம்மா ஞானப்பூவும், அம்மாவின் அண்ணன் தேவசகாயமும் பிறந்த வீடு அது. இருவரும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டனுக்குப் பாட்டன் ஒரு வெள்ளைக்காரர், ஊரில் அவரைத் தட்டான் துரை என்பார்கள், அவ்வளவுதான் குடும்பத்துக்குத் தெரியும். மீதியைத் தேவசகாயம் கதையாகக் கட்டிக்கொண்டார். ஆலை வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அவர், நகல் எடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும், தன் முன்னோர் லண்டனில் ராணிக்குக் கம்மல் செய்த குடும்பம் என்று சொல்வார். லண்டன் நகைக்காரர்களின் சங்கங்களுக்கு எழுதி எழுதி, அங்கிருந்து பணிவாக வந்த மறுப்புகளை எல்லாம் லேமினேட் செய்து கடையில் மாட்டியிருந்தார்.

எதிர்வீட்டில் இருக்கும் கோமதிநாயகம் ஆசாரிக்கு இது பொறுக்காது. அவர் அசல் பொன்வேலைக்காரர்.

"வே தேவசகாயம், துரைக்கு ஊதுகுழல் பிடிக்கத் தெரியுமாவே? உமக்குப் பொடி வைக்கத் தெரியுமா? மூக்குப்பொடி இல்லவே, பற்றவைக்கிற பொடி!"

"ராணிக்குச் செஞ்சவங்க பொடி வைக்க மாட்டாங்க ஆசாரி. மெஷின்."

"ஆமா, ஜெராக்ஸ் மெஷின்."

குடும்பத்தில் இன்னொரு விசித்திரமும் உண்டு. சுத்தமான சபைக் கிறிஸ்தவர்களான அவர்கள் மூத்த பையனுக்கு அசுவத்தாமன் என்று ஒரு பெயரைச் சேர்த்தே வைத்தார்கள். மாமாவின் முழுப்பெயர் அசுவத்தாமன் தேவசகாயம். பழைய குருவானவர் ஒருவர், பாரதத்துப் பெயரை ஞானஸ்நானத்தில் சொல்ல மாட்டேன் என்று எவ்வளவோ மறுத்தும், துரை வீட்டு வழக்கம் என்று பிடிவாதமாக வைத்தார்களாம்.

ஞானப்பூ ஆலையில் ரீலிங் பகுதியில் வேலை பார்த்தாள், எப்போதும் முதல் ஷிப்ட். நூலைச் சிட்டமாகச் சுற்றும் வேலை. ஊருக்கெல்லாம் தட்டு விழுந்து தன் வீட்டுக்கு விழாததைப் பற்றி அவள் கவலைப்படவே இல்லை. "எனக்கு எதுக்கு? கண்ணு தானா முழிக்கும்" என்பாள். புருஷன் செத்த பிறகு அண்ணனையும் மகளையும் பல வருஷம் எழுப்பியவள் அவள்தான்.

தை மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூளைவரை போய்விட்டது என்றார்கள். பாளையங்கோட்டையில் வைத்துப் பார்த்தார்கள், காய்ச்சல் இறங்கியது, ஆனால் தூக்கம் போகவில்லை. மூக்கில் குழாயோடு, முகத்தில் எந்த நோவும் இல்லாமல், முதல் ஷிப்ட் முடிந்து வந்து அசந்தவளைப்போல ஞானப்பூ தூங்கிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் காத்திருங்கள், முழிக்கலாம், முழிக்காமலும் போகலாம், நாள் போகப்போகக் கஷ்டம் என்றார் டாக்டர். ஜெமிமா லீவு போட்டுக்கொண்டு ஊருக்குப் போனாள்.

முதல் விடியற்காலையில் அம்மாவின் கட்டில் பக்கம் உட்கார்ந்தபடி அவள் தெரு முழுவதும் தட்டு விழுவதைக் கேட்டாள். இசக்கி எழுந்தார். நர்ஸ் எழுந்தாள். ஆசாரி வீட்டு மருமகன் பஸ்ஸுக்கு எழுந்தான். தட்டு வலதுபக்க வீட்டில் கேட்டது, அடுத்து இடதுபக்க வீட்டில் கேட்டது. நடுவில் இவர்கள் வீட்டு முன்னால் மட்டும், யாரோ செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போவதுபோல, சத்தமே இல்லை.

இந்த ஊரில் எழுப்ப முடியாத ஆளே இல்லை, அம்மாவைத் தவிர என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்கு ஒரே வெறி. தட்டுகிறவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்து, கூப்பிட்டு, அம்மாவின் ஜன்னலில் நிறுத்த வேண்டும். படித்தவள் நம்பக்கூடிய விஷயமா இது என்று நான் அவளிடம் கேட்டேன். "எழுப்புறாங்கல்ல? கண்ணு முன்னாடி எழுப்புறாங்க. அப்புறம் என்ன நம்பறது?" என்றாள்.

கையில் இருந்த ஒரே தடயம் பட்டாணி. அதைக் கோழி தொடவில்லை. ஆசாரியின் மனைவி பேச்சியம்மாள் ஊறவைத்துச் சுண்டல் செய்து பார்த்தாள், குக்கர் கத்திக் கத்தித் தொண்டை வறண்டதே தவிரப் பட்டாணி வேகவில்லை. பலசரக்குக் கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கடித்து, பல்லைப் பிடித்துக்கொண்டு, "இது நம்ம பக்கத்துச் சரக்கே இல்லம்மா. சீமைப் பட்டாணி" என்றார்.

சீமை என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஜெமிமா ஜெராக்ஸ் கடையின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். இங்கிலாந்து, ஜன்னல், பட்டாணி, விடியற்காலை என்று தேடினாள். பழைய படங்கள் வந்தன. மங்கலான தெரு, வரிசையாக ஒரே மாதிரி செங்கல் வீடுகள், நீளமான கழியை மாடி ஜன்னல்வரை தூக்கிப் பிடித்தபடி ஒருவர். இன்னொரு படத்தில் ஒரு பெண், வாயில் ஒரு குழலை வைத்து ஜன்னலைப் பார்த்துப் பட்டாணி ஊதிக்கொண்டு. அலாரம் கடிகாரம் ஏழைக்கு எட்டாத காலத்தில், பஞ்சாலைத் தெருக்களில் தொழிலாளிகளை எழுப்புவதற்கென்றே ஆட்கள் இருந்தார்களாம். வாரம் சில காசு கூலி. வேலை அதுவே. கழியால் தட்டுவார்கள், தட்டுவார்கள், ஜன்னலில் முகம் தெரியும்வரை தட்டுவார்கள்.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். நாற்காலி கீழே விழுந்தது. கடையில் ரேஷன் கார்டு நகலுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"மாமா! தட்டான்!"

"என்னட்டி?"

"நம்ம துரை நகை தட்டல மாமா. ஜன்னலத் தட்டுனாரு! தட்டுற ஆளு, தட்டான்! மில்லுக்குச் சங்கு வாரதுக்கு முன்னால இந்த ஊர எழுப்புனது அவருதான். சங்கு வந்ததும் அவரு வேல போச்சு. சங்கு போனதும் திரும்பி வந்துட்டாரு!"

தேவசகாயம் படத்தைப் பார்த்தார். கழியைப் பார்த்தார், கிழிந்த கோட்டைப் பார்த்தார். "கூலிக்காரனா?" என்றார்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆசாரிக்குத் தன் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. "இத்தன வருசமா எங்க பேரத் தூக்கிக்கிட்டு அலைஞ்சீரேவே! ராணிக்குக் கம்மலு! ராணி வீட்டு ஜன்னலத் தட்டிப்புட்டு ஓடியாந்த ஆளுவே உம்ம தாத்தா!"

வெள்ளைக்காரன் என்றால் எல்லாரும் துரைதான் என்று எண்ணி, துரை என்ற சொல்லின் பளபளப்பில் தட்டான் என்ற சொல்லையும் பொன்னாக்கிக்கொண்ட குடும்பம் அது. இங்கிலாந்திலும் கந்தல் உடுத்துகிறவர்கள், அடுத்தவர் வேலைக்குப் போவதற்காகத் தான் குளிரில் நடக்கிறவர்கள் உண்டு என்று அவர்களில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. மாமா அன்று கடையைப் பாதியில் அடைத்துவிட்டுப் போய், லேமினேட் செய்த மறுப்புகளைக் கழற்றி வைத்தார்.

ஜெமிமா நிற்கவில்லை. லங்காஷயர் என்ற பஞ்சாலைச் சீமையில், குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு உதவுகிற ஒரு குழுவுக்கு எழுதினாள். தட்டான் என்ற தொழில், வெள்ளானைப்பேரி என்ற ஊர், இயந்திரப் பெட்டிகளோடு வந்திருக்கலாம் என்ற ஊகம், குடும்பத்தில் நிற்கும் ஒரு பெயர் அசுவத்தாமன். அவ்வளவுதான் அவள் கையில் இருந்தது. மறுநாள் மாலை டோரீன் என்ற அம்மாளிடமிருந்து பதில் வந்தது. அவர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். வாக்கியத்துக்கு வாக்கியம் ஆச்சரியக்குறி போட்டிருந்தார். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், அது ஆஷ்வொர்த் அல்லவா, இங்கே தடுக்கி விழுந்தால் ஒரு ஆஷ்வொர்த் மேல்தான் விழ வேண்டும், என் அம்மாவே ஒரு ஆஷ்வொர்த் என்று எழுதியிருந்தார்.

ஊர் இதைக் கொண்டாடியது. "லங்காவா? அப்ப சிலோன்காரரா?" என்றார்கள் சிலர். "அசுவத்தாமனுக்குச் சாவே கிடையாதுல்லா, அதான் இன்னும் சுத்துதாரு" என்றார்கள் சிலர். டோரீன் தன் ஊர்க் கிழவர்களைக் கேட்டு, பழைய ஜனத்தொகைக் கணக்கைப் புரட்டி, மறுபடி எழுதினார்: ஜோசப் ஆஷ்வொர்த், பதினெட்டு வயதில் நூற்பு இயந்திரங்களுக்குத் துணையாகக் கப்பலேறி மதராஸ் பக்கம் போனவன், திரும்பவில்லை. தகப்பன் இல்லை. தாய் விதவை, அவர்கள் குடியிருந்த தெருவில் ஆட்களை எழுப்புகிறவள். மகன் பிறகு கையில் எடுத்த கழி அவளுடையது.

அதைப் படித்துச் சொன்னபோது தேவசகாயம் கழி பிடித்த அந்தப் படத்தை மறுபடி பார்த்தாராம். பிறகு, "புருசன் இல்லாம, தெருவ எழுப்பி, பிள்ளைய வளத்திருக்கா" என்றார். தங்கையின் கட்டிலைப் பார்த்தார். அடுத்த நாள் விடியுமுன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் நின்று, ஊருக்கே கேட்கும்படி, "ஆஷ்வொர்த் தாத்தா! ஜோசப் தாத்தா! நம்ம வீடு இதுதான் தாத்தா! உம்ம பேத்தி படுத்துக் கெடக்கா! ஒரு தட்டுத் தட்டிட்டுப் போரும்!" என்று கத்தினார்.

தட்டு வலதுபக்க வீட்டில் கேட்டது. பிறகு இடதுபக்க வீட்டில் கேட்டது.

நிலைப்படியில் நேரம் எழுதினார்கள். ஜன்னல் கதவுகளைக் கழற்றியே வைத்தார்கள். லங்காஷயர்க்காரர்கள் விரும்பிச் சாப்பிடுவது என்று டோரீன் சொன்ன உருளைக்கிழங்குக் குழம்பை வைத்துப் படைத்தார்கள், பூனை தின்றது. ஞானப்பூவின் கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. வந்து பார்த்த டாக்டர் ஜெமிமாவைத் தனியாகக் கூப்பிட்டு, நெஞ்சில் சளி கட்ட ஆரம்பித்துவிட்டது, இனி அதிக நாள் இப்படியே தாங்காது என்றார். மாமா, தான் வருஷக்கணக்கில் அவரை நகைக்காரர் என்று பொய் சொன்ன கோபம்தான் தாத்தாவுக்கு என்று அழுதார்.

அன்று சாயங்காலம் ஜெபம் பண்ண உபதேசியார் ஏசுவடியான் வந்தார். அவருக்கு வேதாகமத் தமிழைத் தவிர வேறு தமிழ் வராது. கடையில் போய்க்கூட "எனக்கு அரைக்கிலோ துவரம்பருப்பு அளந்து தருவாயாக" என்று கேட்பவர், பிள்ளைகள் அவர் பின்னால் அப்படியே பேசிக்கொண்டு போவார்கள். ஜெபத்தை முடித்துவிட்டு, தெருவாசிகள் பத்துப் பேர் நிற்கும் வாசலில், அவர் பெருமூச்சு விட்டுச் சொன்னார்:

"என்ன செய்வது மகளே. ஊரார் வீட்டையெல்லாம் அவன் தட்டுவான். தன் வீட்டையோ தட்டான்."

சொல்லிவிட்டு அவர் செருப்பைத் தேடினார்.

"ஐயா, என்ன சொன்னீங்க?" என்றாள் ஜெமிமா.

"தட்டமாட்டான் என்றேன் அம்மா. வாரான், போகான், தட்டான். ஏன், பிழையா?"

தட்டான் வீடு. தட்டுகிறவனின் வீடு இல்லை. அவன் தட்டாத வீடு. ஊர் அன்றே பார்த்து, அன்றே பேர் வைத்திருக்கிறது. கேட்கத்தான் காது இல்லாமல் போயிற்று.

"தன் வீட்டை எப்படித் தட்டுவாரு?" என்று ஜெமிமா கத்தினாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது என்றாள். "அவரு எந்திச்சுப் போற நேரத்துல வீட்ல பிள்ளைங்க தூங்கிட்டு இருக்கும். சத்தம் காட்டாமத்தான் போவாரு. ஊர எழுப்பப் போறவரு தன் பிள்ளைய எழுப்பிட்டா போவாரு? கோபம் இல்ல மாமா! நம்மள தூங்க விடுறாரு!"

பிறகு பேச்சியம்மாள் தன் புருஷனை முழங்கையால் இடித்தாள்.

"எதுக்கு எல்லாரும் மலச்சுப்போய் நிக்கிய? எங்க வீட்டு ஜன்னல் இருக்குல்லா? ஞானப்பூவ இங்க தூக்கிட்டு வாங்க."

ஆசாரி தொண்டையைச் செருமினார். "கட்டில் முன்பக்கம் போடலாம். பட்டறையை ஒதுக்கித் தாரேன். வே தேவசகாயம், காலைப் பிடியும். இனிமேலாவது உம்ம தங்கச்சி அசல் தட்டான் வீட்டுல படுக்கட்டும்."

தூக்கும்போதுதான் ஜெமிமாவுக்கு அந்தக் கண்டிப்பு ஞாபகம் வந்தது. எழுந்து போக வேலை இருக்க வேண்டும். பொய்யாக எழுதினால் செல்லாது. இரண்டு பேர் ஆலைக்கு ஓடினார்கள். ரீலிங் மேஸ்திரி பரமசிவம் பனியனோடு வந்து சேர்ந்தார். அவர் கட்டிலருகே குனிந்து, ஆபீஸ் குரலில், "ஞானப்பூக்கா, நாளைக்கு முதல் ஷிப்ட். உங்க மெஷின்ல நான் வேற ஆளப் போடல. கெடக்குது. வந்துருங்க" என்றார். அது பொய் இல்லை, அந்த மெஷின் தை மாதத்திலிருந்து சும்மாதான் கிடந்தது. ஜெமிமா ஆசாரி வீட்டு நிலைப்படியில் நேரத்தை எழுதினாள்.

தட்டுகிறவரை எவரும் நேரில் பார்த்ததில்லை, ஆகவே பார்க்க நினைப்பது மரியாதை இல்லை என்று தெரு முடிவுசெய்தது. எல்லாரும் விளக்கணைத்துப் படுத்து, தூங்குவதாகப் பாவனை செய்தார்கள். அந்தத் தெருவில் அத்தனை பேர் சேர்ந்து அத்தனை கவனமாகத் தூங்கியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கிழக்கு வெளுக்கும்முன் ஆசாரி வீட்டு ஜன்னலில் தட்டு விழுந்தது.

கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருந்த ஜெமிமா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். லேசாக, விடாமல், மூங்கில் நுனி. அம்மா அசையவில்லை. தட்டு நிற்கவில்லை. கொஞ்சம் பலத்தது. கம்பிக்குள் பட்டாணி வந்து விழுந்தது, பட்டறைமேல் விழுந்தது, துலாக்கோலின் தட்டில் விழுந்து கிணுங்கென்றது. இசக்கி எழவேண்டிய நேரம் வந்து போனது, இசக்கியின் ஜன்னல் தட்டப்படவில்லை. அவர் கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தார். நர்ஸின் நேரம் போனது. பஸ் டிரைவரின் நேரம் போனது. மாடுகள் மடி கனத்துக் கத்தின. முதல் ஷிப்டின் நேரம் வந்து நின்று, நகர்ந்தது. ஜன்னலில் முகம் தெரியும்வரை நகராத அந்த மனிதர் ஊரில் எல்லாரையும் விட்டுவிட்டு அந்த ஒரே ஜன்னலில் நின்று தட்டினார், தட்டினார், கை ஓய்ந்ததுபோலத் தணிந்தார், மறுபடி தட்டினார், தெருவில் ஒருவரும் எழுந்து எனக்கு நேரமாயிற்று என்று சொல்லவில்லை. எதிர்வீட்டிலிருந்து மாமா மட்டும் தாங்கமாட்டாமல், "தாத்தா, விட்ராதீரும்!" என்று கத்தினார்.

ஒரு பட்டாணி ஞானப்பூவின் நெற்றியில் விழுந்தது.

நெற்றி சுருங்கியது. கை மெல்ல உயர்ந்து, ஈயை ஓட்டுவதுபோல ஓட்டியது. அடுத்த பட்டாணி அதே இடத்தில் விழுந்தது. குழாய்க்கும் சளிக்கும் நடுவிலிருந்து, நாள்கணக்கில் யாரும் கேட்காத ஒரு குரல், எரிச்சலோடு வந்தது.

"எந்திச்சிட்டேன்... எந்திச்சிட்டேன்லாய்யா. எதுக்கு இந்தத் தட்டு தட்டுதீரு?"

தட்டு நிற்கவில்லை. ஜெமிமா பாய்ந்து அம்மாவின் தோளைத் தூக்கி, முகத்தை ஜன்னலுக்குத் திருப்பிக் காட்டினாள். தட்டு நின்றது. வெளியே யாரோ கழியைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஞானப்பூ கண்ணைச் சுழற்றிப் பார்த்தாள். "ஏட்டி, இது ஆசாரி வீடுல்லா? நான் எதுக்கு இங்க கெடக்கேன்? ஷிப்டுக்கு நேரமாச்சுட்டி" என்றாள். அதற்குள் தெருவின் எல்லாக் கதவுகளும் ஒரே சமயத்தில் திறந்தன.

வீக்கம் தானாக வற்றியிருக்கும், எப்படியும் முழித்திருப்பாள் என்று டாக்டர் பிறகு சொன்னாராம். அவர் சொன்னதையும் நான் எழுதியாக வேண்டும். ஜெமிமா லீவு முடிந்து வந்து இதைச் சொன்னபோது நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் விசாரித்தேன். என் கல்லூரித் தோழி ஒருத்தியின் அண்ணன் அந்தப் பாதையில் பாசஞ்சர் ரயிலில் கார்டாக இருக்கிறார். அந்தத் தேதியைச் சொல்லிக் கேட்டதும் அவருக்கு உடனே ஞாபகம் வந்தது. அன்று காலை முதல் வண்டி வெள்ளானைப்பேரியில் சரியான நேரத்துக்கு நின்று, சரியான நேரத்துக்குக் கிளம்பியது. தினமும் படியில் தொங்கிக்கொண்டு போகிற ஊர் அது. அன்று அங்கே ஒருவர்கூட ஏறவில்லை.